சந்தனமாரி எல்லாருக்கும் போல்டு வைத்த வருஷம்

சங்கரபாகத்தின் குரல் இடியாப்பம் மாதிரி இளைத்துப்போனது ஆவணி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தங்கச்சி மகளை மடியில் இருத்திக் காது குத்துகிற நேரத்தில், ஆவரங்குளம் சாஸ்தா கோயில் வாசலில், நூற்றைம்பது பேர் பந்திக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது. லேசுப்பட்ட குரலா அது? அவர் பஸ் ஸ்டாண்டில் தும்மினால் கீழத்தெருக் கோழியெல்லாம் கூட்டுக்குள் ஓடும் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன், "பையக் குத்தும்வே, பிள்ளை அழுதுல்லா" என்று ஆசாரியை அதட்டினார். அதட்டினதென்னவோ அவர்தான், வெளியே வந்தது பாட்டரி தீர்ந்த ரேடியோவில் வருகிற மாதிரி ஒரு நூல் சத்தம். ஆசாரி நிமிர்ந்து பார்த்து, "மாமனுக்குத் தொண்டை கட்டிட்டு போலுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காதைக் குத்தினார்.

சங்கரபாகம் திரும்பி, வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார். ஆவரங்குளத்தில் பிள்ளைக்குக் காது குத்தினாலும், பெண் சடங்கானாலும், கல்யாணம் ஆனாலும், கருமாதி ஆனாலும், துபாய்க்குப் போன பையன் லீவில் வந்தால்கூட, பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ் ஒன்று தொங்கியாக வேண்டும். அதில் எவர் பேர் எத்தனை பெரிசு, எவர் பேர் எத்தனை தடிமன் என்பதில்தான் அந்த ஊரின் மானம் மரியாதை அத்தனையும் இருந்தது. பிள்ளையின் படத்துக்கு அடுத்தபடி தாய்மாமன் பேர்தான் தடியாக இருக்க வேண்டும், அது அந்த ஊர் சாஸ்திரம். அரை இஞ்சு குறைந்தால் சீர்வரிசைத் தட்டு வந்த வேனிலேயே திரும்பிப் போகும், போயிருக்கிறது. அன்றைக்கு அந்த ஃபிளெக்ஸில் சித்தப்பன் பேரெல்லாம் கொழுகொழுவென்று கிடக்க, தாய்மாமன் சங்கரபாகம் என்கிற பேர் மட்டும் தலைமுடியைப் பிய்த்து ஒட்டினதுபோல மெல்லிசாகத் தொங்கியது.

இந்தக் காரியத்தைச் செய்தவள் சந்தனமாரி. தவசிக்கனி அண்ணாச்சியின் கோமதி டிஜிட்டல் கடையில் எட்டு வருஷமாக டிசைன் செய்கிறவள், வயது முப்பத்தி நாலு, போன கார்த்திகையில் கல்குவாரி வெடியில் செத்துப்போன கொம்பையாவின் பெண்டாட்டி. அந்தக் கடையில் டிசைன் செய்கிற கம்ப்யூட்டர் ஒன்று, உள்ளறையில் அச்சடிக்கிற மிஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டர் இன்னொன்று. இதில் இருக்கிற ஃபாண்ட் எல்லாம் அதில் இருக்காது. அதனால் அனுப்புவதற்கு முன்னால் எழுத்தை எல்லாம் படமாக மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் மிஷின் தனக்குத் தெரியாத எழுத்தைத் தள்ளிவிட்டுத் தன் கையில் இருக்கிற ஏதோ ஒரு நோஞ்சான் எழுத்தைப் போட்டுக்கொள்ளும். எட்டு வருஷத்தில் இந்த ஒரு நாள், இந்த ஒரு பேருக்கு மறந்துவிட்டாள். ஏன் மறந்தாள் என்றால், அன்றைக்குக் காலையில்தான் கொம்பையா சாவு விஷயமாகக் கார்த்திகை பத்தாம் தேதி ஆர்.டி.ஓ. நேரில் வந்து விசாரிப்பார் என்று நோட்டீஸ் வந்திருந்தது. கை மவுசில் இருந்தது, மனசு நோட்டீஸில் இருந்தது.

சொந்தபந்தம் பன்னிரண்டு பேரோடு கடைக்கு வந்து சங்கரபாகம் கத்தினார். கத்தினது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கழுத்து நரம்பைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று சந்தனமாரிக்கு விளங்கிற்று. பதறிப்போய் அந்தப் பேரை முதலில் நினைத்ததைவிட ஒரு பங்கு கூடுதல் தடிமனில் வைத்து, எழுத்தைப் படமாக மாற்றி, இரண்டு தரம் சரிபார்த்து அடித்துக் கொடுத்தாள். கோயில் வாசலில் அதைக் கட்டி நாலாவது முடிச்சு விழுந்த நிமிஷம், சங்கரபாகம் "ஏலே, இலையப் போடுங்கலே" என்றார். பந்தியில் இருந்த தண்ணீர் டம்ளர் எல்லாம் கிடுகிடுவென்று ஆடிற்று. சின்னப் பிள்ளைகள் அழுதன. அவர் பெண்டாட்டி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள், வீட்டுக்குப் போனால் கேட்கப்போவது அவள்தானே.

இதைப் பார்த்து ஊர் மூக்கில் விரலை வைத்ததா என்றால், இல்லை. ஏன் எதனால் என்று இரண்டு நாள் பேசினார்கள். மையில் ஏதோ கலந்திருக்கும் என்றார் பள்ளிக்கூடத்து நயினார் சார். சாஸ்தா செயல் என்றார் பூசாரி. மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருத்தர், "இதுல என்னவே அதிசயம் இருக்கு? பேரு பெரிசா இருக்கவன் பேச்சுதான் என்னைக்கும் எடுபட்டிருக்கு. இப்பக் கண்ணுக்கு முன்னால நடக்கு, அம்புட்டுதான்" என்றார். அதோடு காரணம் பேசுவதை விட்டுவிட்டு, எல்லாரும் கடையில் வரிசையில் நின்றார்கள்.

நின்ற வரிசையை நான் எப்படிச் சொல்ல! கடைசியாக அடித்த ஃபிளெக்ஸில் பேர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதுதான் குரல் என்று ஆனபிறகு, அதுவரைக்கும் 'நல்லா பெரிசா போடும்மா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாத ஊர், எழுத்தைப் பற்றி எட்டு வருஷமாக அவள் சொல்லியும் காதில் வாங்காத ஊர், ஒரே மாசத்தில் பாடம் படித்துவிட்டது. முனையில் சின்னக் கொக்கி வைத்த பழைய புத்தக எழுத்தைக் கூட்டுறவு சங்கச் செயலாளர் எடுத்துக்கொண்டார், அதற்குப்பின் அவர் வெங்காயம் விலை கேட்டால்கூட தீர்ப்பு வாசிப்பதுபோல இருந்தது. கொக்கியும் குச்சியும் இல்லாத மொட்டை எழுத்தை நிலத்தரகர்கள் எடுத்தார்கள், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக விழுந்தது. நெருக்கிப் பிடித்த எழுத்தை வாங்கின மினிபஸ் கண்டக்டர் பதினாறு ஸ்டாப்பையும் ஒரே மூச்சில் சொன்னார். பாடம் நிதானமாக இருக்கட்டும் என்று எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டிக் கேட்ட நயினார் சார், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பிள்ளைகள் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற அளவுக்கு நிதானமானார். நிழல் வைத்த எழுத்துக்கு எதிரொலி வந்தது. வெறும் ஓரக்கோடு மட்டும் உள்ள எழுத்துக்கு வெறும் பானைச் சத்தம் வந்தது. சாய்ந்த எழுத்தை வைத்துக்கொண்டால் நல்லதைச் சொன்னாலும் குத்திக்காட்டுகிற மாதிரி விழும் என்று தெரிந்தும், தெரிந்தே, மேலத்தெருவில் நாலு மாமியார்கள் வந்து சாய்வு கேட்டு வாங்கிப் போனார்கள்.

சந்தனமாரி கருவேலம் என்று ஒரு ஃபாண்ட் வைத்திருந்தாள். மெல்லிசு, சாதா, போல்டு, முரட்டு போல்டு, சாய்வு என்று அதில் ஐந்து வகை. தடிமன் வேறு வேறாக இருந்தாலும் வளைவைப் பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். மேலத்தெரு அண்ணன் தம்பி மூன்று பேர் அதைத்தான் கேட்டார்கள், மூத்தவனுக்கு முரட்டு போல்டு, நடுவுள்ளவனுக்கு போல்டு, இளையவனுக்கு சாதா. மூன்று பேரும் சேர்ந்து பேசினால் ஒரே ஆள் மூன்று அறையில் இருந்து பேசுவதுபோல அத்தனை பாந்தமாக இருக்கும். புரட்டாசியில் சொத்துப் பிரித்தபோது இளையவன் நேரே கடைக்கு வந்து, "எனக்கு அவங்க எழுத்து வேண்டாம், வேற குடும்பத்து எழுத்து போடுங்க" என்றான். போட்டாள். அதன்பிறகு மூன்று பேரும் ஒரு வீட்டில் பேசினால் காதில் மண் விழுந்த மாதிரி நரநரவென்று இருந்தது.

பெண்களுக்கு? ஊர் வழக்கப்படி, புருஷன் பேருக்குக் கீழே திருமதி என்று பாதி அளவில், சாதா எழுத்தில். அதைத் தாண்டக் கூடாது. சந்தனமாரியின் பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம் மட்டும் தன் பேரை ஓரடி உயரத்துக்கு போல்டில் அடித்து அடுப்படியில் மாட்டினாள். மூணு நாள் அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். நாலாம் நாள் புருஷன் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேலே கவிழ்த்துப் போட்டுக் கல்லை வைத்தான். அதிலிருந்து ஆவுடைத்தங்கம் பேசினால் தலையணைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். கீழத்தெருவில் குவாரிக்குப் போகிற சனங்களின் பேரை, செத்தால் ஒழிய, எந்த ஃபிளெக்ஸிலும் எவனும் போட்டதில்லை, ஆகவே அவர்கள் குரல் என்னவாக இருந்ததோ அதுவாகவே இருந்தது. ஆனால் இத்தனை தடிக்குரல்களுக்கு நடுவே அது விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிற நிபந்தனை மாதிரி ஆகிவிட்டது. இருக்கும், யார் வாசிக்கிறார்கள்?

சந்தனமாரியும் அந்தப் பொடி எழுத்துக் கூட்டத்தில் ஒருத்திதான். ஊருக்கெல்லாம் குரல் அளந்து கொடுத்தவளுக்குச் சொந்தப் பேர் ஒரு ஃபிளெக்ஸிலும் இல்லை. கொம்பையாவின் கண்ணீர் அஞ்சலியில் கூட, வழக்கப்படி, 'மனைவி, மக்கள்' என்றுதான் இருந்தது. மக்கள் என்று ஒன்றும் கிடையாது அவர்களுக்கு. அவளிடம் சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "அன்னைக்குச் சைரன் ஊதல." பாறையில் வெடி வைத்தால் மூன்று தரம் சைரன் ஊத வேண்டும், அப்புறம்தான் திரியைக் கொளுத்த வேண்டும். அன்றைக்கு மத்தியானம் கொம்பையாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கேட் பக்கத்தில் தூக்குவாளியோடு நின்றவள் அவள். சைரன் ஊதவில்லை. குவாரி முதலாளி செல்வமோகன் ஊதினோம் என்று எழுதிக் கொடுத்தார். கொம்பையா குடித்துவிட்டுத் தடுப்புக்கு உள்ளே போய்விட்டான் என்றும் எழுதிக் கொடுத்தார். கொம்பையா குடிப்பவன் இல்லை. பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷன். செத்தவனைக் குடிகாரன் என்று எழுதி வைத்துவிட்டார்களே என்பதுதான் அவளுக்கு வயிற்றில் கிடந்து எரிந்தது, வேறொன்றும் இல்லை. கிராம அதிகாரியிடம் போய்ச் சொன்னாள், அவர் 'ஏதோ சத்தம் கேட்டுச்சே' என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஸ்டேஷனில் சொன்னாள், அங்கே ஃபேனைக்கூட நிறுத்தவில்லை.

அவள் பேசுவதைக் குனிந்து கேட்ட ஒரே ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? அந்தச் செல்வமோகன்தான். ஐப்பசியில் ஒரு நாள் கடைக்கு வந்தார். நாற்பது ஃபிளெக்ஸில் முரட்டு போல்டில் தொங்கினவர், வாயைத் திறந்தால் இடி. எல்லாரும் பயந்தார்கள், யாரும் கேட்கவில்லை. இடி இடித்தால் யார் உட்கார்ந்து கேட்பார்கள், வீட்டுக்குள் ஓடத்தானே செய்வார்கள். மேஜையில் கிடந்த டாக்டர் ஒருவரின் விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்து, முடிந்தமட்டும் தணித்து, "இதுல எழுத்து இம்மினியூண்டுதான் இருக்கு. ஆனா ஒரு பெரிய மனுஷத்தனம் தெரியுதே, அது எப்படிப் பிள்ளே?" என்றார்.

பேசக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் எழுத்தைப் பற்றி எட்டு வருஷத்தில் ஒருத்தரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "சுத்தி வெத்திடம் விட்டிருக்காங்கல்லா முதலாளி, அதுதான். பக்கம் பூராத்தையும் அடைச்சா கண்ணு எங்கயும் நிக்காது. எல்லாத்தையும் போல்டா போட்டா எதுவும் போல்டு இல்ல. சுத்தி இடம் விட்டுட்டா, மெல்லிசா சின்னதா இருந்தாலும் கண்ணு நேரா அங்கதான் போகும்." அவர் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து முழுசும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவள் விட்ட மூச்சிலேயே, "அன்னைக்குச் சைரன் ஊதலல்லா முதலாளி" என்றாள். அதையும் கேட்டார். "அதை விசாரணையில சொல்லு தாயி. அதுக்குத்தானே விசாரணை" என்று கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வருஷம் திரும்பி கார்த்திகை இரண்டாம் தேதி கொம்பையாவின் நினைவு நாள் வந்தது. விதவை பேரைத் தனியாக ஃபிளெக்ஸில் போட வழியில்லை, சும்மா ஒரு பேர் மட்டும் தொங்கினால் அந்த ஆள் செத்துவிட்டதாக அர்த்தம். ஆனால் நினைவஞ்சலி போடலாமே. அவள் ஆறுக்கு நாலில் ஒன்று செய்தாள். கொம்பையாவின் பேரைக் கருவேலம் முரட்டு போல்டில், அகலத்தை முழுசும் அடைக்கிற மாதிரி வைத்தாள். அதை வைக்கும்போது அவள் ஆசைப்பட்டதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: இத்தனை பேருக்குக் குரல் வந்திருக்கிறதே, இந்தப் பேருக்கும் வந்துவிடாதா, ஒரே ஒரு தரம் 'சந்தனம்' என்று கூப்பிட்டுவிட மாட்டானா என்று நினைத்தாள். கீழே, அடிவரியில், 'மனைவி சந்தனமாரி' என்று போல்டில் வைத்தாள். விடிந்ததும் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்ட வைத்து, கட்டினவனிடம் "நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள். கட்டினவன் ஏணியில் இருந்து விழப் பார்த்தான். அத்தனை கனமாக வந்தது அவள் குரல், அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொம்பையாவின் குரல் வரவில்லை. எட்டு மணி வரைக்கும், எட்டரை வரைக்கும், அந்த ஃபிளெக்ஸின் கீழே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பஸ் வந்தது, போனது, வந்தது, போனது. செத்தவனுக்குத் தொண்டை ஏது! சுடுகாட்டில் பத்து கிலோ சாம்பலாக ஆனவனுக்கு எந்தப் போல்டை வைத்து என்ன செய்ய? அவள் அழுதாள், அழுகையும் போல்டிலேயே வந்தது, அதைக் கேட்டுத்தான் ஊர் கூடிற்று.

"ஏட்டி, நினைவஞ்சலியில மனைவின்னுதான் போடணும், பேரு போடலாமா? அறுத்தவ பேரு முச்சந்தியில தொங்குனா ஊரு வெளங்குமா?" என்று முதலில் கேட்டவர் சங்கரபாகம். அவள் கையால் கிடைத்த குரலில்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தன் ஏணியில் ஏறி பிளேடால் அவள் பேரை மட்டும் நறுக்கென்று சதுரமாக வெட்டி எடுத்துவிட்டான். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், பாவம், செத்தவனுக்கு மரியாதை என்றார்கள். வெட்டின ஓட்டை வழியாகக் காற்று உஸ்ஸென்று போய் வந்தது. அதிலிருந்து சந்தனமாரி வாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. இரண்டு மணி நேரம் இருந்த குரலை ஃபிளெக்ஸை இறுக்கிக் கட்டச் சொல்லிச் செலவழித்துவிட்டோமே, அந்த ஒரு வாக்கியத்தைக் கத்தியிருக்கலாமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். கடையில் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினாள். "இப்பத்தான் எதிர்த்துப் பேசாம சோலி சுத்தமா நடக்கு" என்று வாடிக்கைக்காரர்கள் தவசிக்கனி அண்ணாச்சியிடம் சந்தோஷப்பட்டார்கள்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது செல்வமோகன் மறுபடியும் வந்தார். கார்த்திகைத் திருநாளுக்கு ஊர் பொதுமக்களுக்கு வாழ்த்து ஃபிளெக்ஸ் ஒன்று, நாற்பது அடி அகலம், சமுதாய நலக்கூடத்து முகப்பில் மாட்ட, தன் செலவில். வாக்காளர் பட்டியலை மேஜையில் வைத்தார். "ஒரு ஆள் பாக்கியில்லாம எல்லார் பேரும் வரணும். மேலத்தெரு கீழத்தெரு கிடையாது, ஆம்பளை பொம்பளை கிடையாது. எல்லாம் முரட்டு போல்டு, எல்லாம் ஒரே அளவு. குவாரியில வேலை பாக்கவங்க பேரும் வரணும். உம்பேரும்தான் பிள்ளே. பொதுமக்கள் பட்டியல்ல வந்தா ஊர் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?" என்றார். தவசிக்கனி அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உங்க பேரு முதலாளி?" என்று கேட்டார். "அது கெடக்கு, நடுவுல ஒரு ஓரமா சின்னதாப் போடுங்க. மெல்லிசா. சுத்தி ரெண்டு அடிக்கு ஒண்ணும் வேண்டாம்."

நானூற்றுப் பன்னிரண்டு பேர். சந்தனமாரி இரண்டு நாள் உட்கார்ந்து வைத்தாள். முரட்டு போல்டை அடுக்க அடுக்கத் திரை முழுசும் கறுத்துக்கொண்டே வந்தது, எந்தப் பேரையும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை, நடுவில் அந்த வெள்ளை இடத்தில் 'செல்வமோகன்' என்கிற மெல்லிசுப் பேர் மட்டும் பளிச்சென்று நின்றது. அவளுக்குத் தெரியாதா? அவள் வாயால் சொன்ன பாடம்தானே அது, அட்சரம் பிசகாமல். மவுசை விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தாள்: கொம்பையாவோடு அன்றைக்கு ஷிப்டில் நின்ற பத்தொன்பது பேரும் அதில் இருந்தார்கள், பாறையில் துளை போடுகிறவர்கள், கல் ஏற்றுகிற பெண்கள், ஆயுசுக்கும் ஒரு ஃபிளெக்ஸில் ஏறாத பேர்கள். பத்தொன்பது பேரும் முரட்டு போல்டில் 'சைரன் ஊதல' என்று சொன்னால் எந்தச் செவிடனுக்கும் கேட்காதா? அதுபோக, வெட்டி எடுத்த அவள் பேர் திரும்பி வரும். ஆசை இருக்கிறதே, அது கண்ணுக்கு முன்னால் இருக்கிறதை மறைத்துவிடும். எழுத்தை எல்லாம் படமாக மாற்றி, ஒரு பேர் விடாமல் சரிபார்த்து, மிஷினுக்கு அனுப்பினாள்.

கார்த்திகை பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. வந்தார். தலைவலிக்காரர், நெற்றியில் தைலம் மணத்தது. அன்றைக்கு விடியக்காலையில்தான் அந்த ஃபிளெக்ஸை மாட்டி முடித்திருந்த நலக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, டைப் அடிக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "யாருக்கு என்ன தெரியுமோ சொல்லலாம்" என்றார். சொல்லலாம் என்றதுதான் தாமதம். ஆயுசில் முதல்முறையாகக் கனத்த குரல் கிடைத்த நானூறு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

அவர்கள் காசு வாங்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருத்தரும் ஒரு பைசா வாங்கவில்லை. அவரவருக்கு அவரவர் கஷ்டம். ரேஷன் கார்டில் மகன் பேர் விட்டுப்போனதை ஒருத்தி கத்தினாள், பட்டா மாறி வராததை ஒருவர் கத்தினார், வாய்க்கால் அடைத்துக் கிடப்பதை, பஸ் நிற்காமல் போவதை, முதியோர் பணம் வராததை, மருமகள் சோறு போடாததை. ஆவுடைத்தங்கம் அந்தக் கோழிக்கூட்டுக் கல்லுக்கு அடியில் கிடந்த தன் பதினைந்து வருஷக் குடித்தனத்தையும் கத்தினாள். அன்றைக்கு ஷிப்டில் நின்ற பத்தொன்பது பேரில் பதினோரு பேர் கூலி கூட்டிக் கேட்டுக் கத்தினார்கள், மற்றவர்கள் தாங்கள் எதைக் கத்துகிறோம் என்பதே தெரியாமல், கத்த முடிகிறதே என்பதற்காகக் கத்தினார்கள். ஓட்டுச் சில்லு உதிர்ந்தது. குடிதண்ணீர்க் கேன் வெடித்தது. சந்தனமாரி முன்வரிசைக்கு முண்டியடித்து வந்து, அடிவயிற்றில் இருந்து, நரம்பு புடைக்க, "அன்னைக்குச் சைரன் ஊதல, எம்புருஷன் குடிக்கல" என்று கத்தினாள், மறுபடி கத்தினாள், பதினேழு தரம் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கறுத்த சுவரில் கரிக்கட்டியால் எழுதினது போலப் போயிற்று.

அப்போது செல்வமோகன் எழுந்து ஆர்.டி.ஓ. பக்கத்தில் போய் நின்றார். அவர் ஒன்றும் அதட்டவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. அவரைச் சுற்றி இரண்டு அடிக்கு ஒரு அமைதி நின்றது, அந்த அமைதிக்குள் ஆர்.டி.ஓ.வின் நாற்காலியும் டைப் அடிக்கிறவரின் மேஜையும் அடங்கிவிட்டன. தலைவலிக்காரர் அப்பாடா என்று காதில் இருந்து விரலை எடுத்தார். "ஐயா, வழக்கம்போல மூணு தரம் சைரன் ஊதுனோம். கொம்பையா நல்ல பையன். அன்னைக்குன்னு பாத்து குடிச்சிருந்தான். நான் அந்தப் பிள்ளைக்கு என்னால ஆனதைச் செய்யத்தான் போறேன்." மெல்லிசான, சுத்தமான, ஒரு எழுத்து பிசகாத குரல். டைப் அடிக்கிறவர் அதை அடித்தார். "ஆட்சேபணை?" என்று ஆர்.டி.ஓ. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குறிப்பாக ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் ஓய்ந்தது. தொண்டை புண்ணாகி அத்தனை பேரும் சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவரவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆவரங்குளத்தில் அப்படி ஒரு அமைதி காது குத்து நாளிலிருந்து கிடையாது; குளத்தில் தவளை குதிப்பது மேலத்தெருவில் கேட்டது. செல்வமோகன் வீட்டு முற்றத்தில் ஆர்.டி.ஓ. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். சந்தனமாரி தன் வீட்டு நடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, மூச்சு விடுகிறதுபோல அது தானாக வந்தது.

"அன்னைக்குச் சைரன் ஊதல."

முரட்டு போல்டு. எதிர்க்க ஒரு குரல் இல்லை. கீழத்தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் ஓட்டையோடு தொங்குகிற கொம்பையாவைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஊர் முழுக்கப் போயிற்று. ஆர்.டி.ஓ. காதிலும் விழுந்தது. அவர் தலையைத் தூக்கிச் செல்வமோகனைப் பார்த்தார், செல்வமோகன், "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்றார்; அவர் டம்ளரை நீட்டினார்.

முதலில் பதில் சொன்னது ஆவுடைத்தங்கம், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து. "தெரியும்ளா" என்றாள். அப்புறம் எதிர் வீட்டில் இருந்து, துளை போடுகிற ஆள் ஒருத்தர், "தெரியும் மைனி" என்றார். கல் ஏற்றுகிற பெண்கள் சொன்னார்கள். டீக்கடையில் இருந்து சொன்னார்கள். நயினார் சாரும் இடைவெளி இல்லாமல் சொன்னார். வாசல் வாசலாக, தெருத் தெருவாக, எல்லாம் ஒரே குடும்பத்து எழுத்தில், எல்லாம் ஒரே தடிமனில், தெரியும் தெரியும் என்று வந்துகொண்டே இருந்தது. போன வருஷமே தெரியும். அன்றைக்கு மத்தியானமே தெரியும். சைரன் ஊதாமல் வெடிச் சத்தம் மட்டும் கேட்டபோது, ஊருக்குள் இருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். தன் குரல் கேட்காமல் போனதால்தான் யாருக்கும் தெரியவில்லை என்று, ஒரு வருஷமாக அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் சங்கரபாகம். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார், பெற்ற மகளிடம் சொல்கிற மாதிரி.

"ஊருக்கே தெரியும்ட்டி. இப்ப என்னத்துக்கு அது? பொழுது போயிட்டுல்லா, வெளக்கைப் பொருத்திட்டு உள்ள போ."